ஏழரைக் கோடி ஹெக்டேர்: காகிதக் காடும் கண்ணில் பட்ட காடும்

சரக்கின் பேரில் கடன் வாங்கியவர் மாதாமாதம் வங்கிக்கு ஒரு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பார். கோடவுனில் இத்தனை மூட்டை, இன்ன மதிப்பு என்று அதில் இருக்கும். அதை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. நேரில் போய் எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கு எழுதுகிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

இந்தியாவின் காடுகள் விஷயத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக இந்தப் பாலபாடம் நடைமுறையில் இல்லை. காட்டைப் பராமரித்ததும் வனத்துறை, எவ்வளவு காடு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததும் வனத்துறை. 1970களில்தான் முதல்முறையாக வெளியாள் ஒருவர் வந்து எண்ணிப் பார்த்தார். அந்த வெளியாள் தொள்ளாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சாட்டிலைட். அதன் பிறகு என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பதிவேட்டில் இருந்த காடு

1864-ல் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை வனத்துறையின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக பிரிட்டிஷ் அரசு நியமித்தது. ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை வேண்டும், கப்பலுக்குத் தேக்கு வேண்டும். 1878-ல் இந்திய வனச் சட்டம் வந்தது. 1882-ல் சென்னை மாகாணத்துக்குத் தனியாக ஒரு சட்டம் வந்தது. எல்லைக்கல் நட்டு, வரைபடத்தில் கோடு போட்டு, "இது ரிசர்வ் ஃபாரஸ்ட்" என்று அறிவித்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்களின் காடுகளும் ஜமீன் காடுகளும் அரசுக்கு வந்து சேர்ந்தன. பல இடங்களில் சரியான சர்வே எதுவும் இல்லாமலேயே வந்தன.

இப்படிச் சேர்ந்த மொத்தக் கணக்கு ஏறக்குறைய ஏழரைக் கோடி ஹெக்டேர். (ஏழரை என்றாலே நமக்கு ஒரு மாதிரிதான். அது இங்கேயும் வேலையைக் காட்டியது.) நாட்டின் பரப்பில் இது சுமார் 23 சதவீதம். 1952-ல் வந்த தேசிய வனக் கொள்கை, நாட்டில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்றது. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் 33 சதவீதம் அதுதான். 23 இருக்கிறது, 33 வேண்டும், பத்துதானே குறைகிறது என்று நாடு நினைத்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல். அந்த 23 என்பது சட்டப்படி "காடு" என்று எழுதப்பட்ட நிலத்தின் பரப்பு. அங்கே மரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அணைக்கட்டில் மூழ்கிய நிலம், விவசாயத்துக்குப் போன நிலம், வெட்டி மொட்டையான மலை எல்லாமே பதிவேட்டில் காடாகவே தொடரலாம். கோடவுன் காலியானாலும் ஸ்டேட்மென்டில் மூட்டைகள் குறையாத கதை.

தென்னை மரம் சொன்ன சேதி

சாட்டிலைட் கதைக்கு முன்னால் ஒரு தென்னை மரக் கதை. கேரளாவில் தென்னையை வேர் வாடல் நோய் பல காலமாக வாட்டிக்கொண்டிருந்தது. ஓலை மஞ்சளாகி, வாடித் தொங்கிய பிறகுதான் வெளியில் தெரியும். அதற்குள் நோய் பரவிவிடும்.

1970-ல் பிஷாரத் ராம பிஷாரடி என்ற வானிலை விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். ஹெலிகாப்டரில் அகச்சிவப்பு ஃபிலிம் போட்ட கேமராவை வைத்துத் தென்னந்தோப்புகளை மேலிருந்து படம் எடுத்தார்கள். கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிந்த மரங்களில் எது ஆரோக்கியம், எது நோயாளி என்று ஃபிலிம் பிரித்துக் காட்டியது. இந்தியாவில் தொலையுணர்வு என்ற துறை இந்தத் தென்னந்தோப்பில்தான் ஆரம்பித்தது என்று சொல்வார்கள். பிஷாரடியை அதன் தந்தை என்றும் சொல்வார்கள். 2002-ல் காலமானார்.

இது எப்படி வேலை செய்கிறது? காமர்ஸ் படித்த எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. உணவு தயாரிக்க அது வேண்டும். ஆனால் சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை வைத்துக்கொள்வதில்லை. இலையின் உள்ளே இருக்கும் செல்களின் அமைப்பு அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆக, நல்ல செழிப்பான செடி சிவப்பில் இருட்டாகவும் அகச்சிவப்பில் பளீரென்றும் இருக்கும். வெறும் மண்ணில் இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. தண்ணீரோ அகச்சிவப்பை விழுங்கிவிட்டுக் கறுப்பாகத் தெரியும்.

பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவனுக்கு ரேஷியோ என்றால் உடனே புரியும். இங்கேயும் ஒரு ரேஷியோதான். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு. ஒன்றை நெருங்கினால் அடர்ந்த பசுமை, பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் கட்டாந்தரை, நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் தண்ணீர். 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் புல்வெளிகளை ஆராய்ந்தவர்கள் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளியாள் வருகிறார்

1972 ஜூலை 23-ல் அமெரிக்கா ஒரு சாட்டிலைட் அனுப்பியது. அப்போது அதற்கு வேறு பெயர், பின்னால் லேண்ட்சாட்-1 என்று ஆனது. பூமியை 185 கிலோமீட்டர் அகலப் பட்டைகளாகப் படம் பிடித்துக்கொண்டே போகும். 18 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். பச்சை, சிவப்பு, அகச்சிவப்பில் இரண்டு என நான்கு பட்டைகள். படத்தின் ஒரு புள்ளி தரையில் சுமார் 80 மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம்.

இந்தியாவும் தயாராகிக்கொண்டிருந்தது. டேராடூனில் வான்படங்களைப் படிக்கக் கற்றுத்தரும் நிறுவனம் நெதர்லாந்து உதவியுடன் 1966-லேயே வந்துவிட்டது. 1974-ல் தேசியத் தொலையுணர்வு முகமை, சுருக்கமாக என்.ஆர்.எஸ்.ஏ., ஹைதராபாத்தில் அமைக்கப்பட்டது. 1979-லிருந்து ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகரில் லேண்ட்சாட் சிக்னலை நேரடியாகவே வாங்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்து வேலை எப்படி இருந்தது என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் தானாகக் காட்டைக் கண்டுபிடிப்பதெல்லாம் கிடையாது. படத்தை அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேஜை மேல் விரித்து, அதன் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, மனிதர்கள் பென்சிலால் எல்லை வரைவார்கள். அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாக அச்சடிப்பதால் அந்தப் படங்களில் காடு பச்சையாக இருக்காது, ரத்தச் சிவப்பாக இருக்கும். இந்தச் சிவப்பு அடர்ந்த காடா, கரும்புத் தோட்டமா, தேயிலையா? நிறம், சொரசொரப்பு, வடிவம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் என்றால் ஜீப் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படி நாடு முழுக்க இரண்டு முறை செய்தார்கள். 1972-75 காலப் படங்களை வைத்து ஒன்று, 1980-82 படங்களை வைத்து இன்னொன்று. 1980களின் நடுவில் முடிவுகள் வெளியே வந்தன.

1972-75-ல் காடு 5.55 கோடி ஹெக்டேர், 16.89 சதவீதம்.
1980-82-ல் 4.63 கோடி ஹெக்டேர், 14.10 சதவீதம்.

பதிவேட்டில் ஏழரைக் கோடி. எண்ணிப் பார்த்தால் நாலே முக்காலுக்கும் குறைவு. அதைவிட அதிர்ச்சி இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். சுமார் ஏழு வருடத்தில் 90 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 130 லட்சம் ஹெக்டேர்தான். அதில் பத்தில் ஏழு பங்கு அளவுக்குக் காடு போயிற்று என்றால் சும்மா இருக்க முடியுமா? "வருடத்துக்கு 13 லட்சம் ஹெக்டேர்" என்ற கணக்கு அன்றைய சுற்றுச்சூழல் விவாதங்களில் எல்லாம் அடிபட்டது. 1985-ல் சுற்றுச்சூழல், வனத்துக்குத் தனி அமைச்சகம் வந்ததும், அதே வருடம் தேசிய தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைந்ததும் இந்தச் சூழலில்தான்.

ரீகன்சிலியேஷன்

இரண்டு கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வோம்? உட்கார்ந்து வரிவரியாக டிக் அடிப்போம். அதேதான் இங்கேயும் நடந்தது.

1981-ல் டேராடூனில் இந்திய வன ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வார்கள். அவர்கள் 1981-83 காலத்து லேண்ட்சாட் படங்களை எடுத்துத் தனியாகக் கணக்குப் போட்டார்கள். 1987-ல் அவர்களுடைய முதல் அறிக்கை வந்தது. காடு சுமார் 6.4 கோடி ஹெக்டேர், 19.5 சதவீதம்.

ஏறத்தாழ ஒரே சமயத்துப் படங்கள். ஒருவர் 14 என்கிறார், இன்னொருவர் 19.5 என்கிறார். வித்தியாசம் ஒன்றே முக்கால் கோடி ஹெக்டேர். யாராவது பொய் சொன்னார்களா? அப்படிச் சொல்ல முடியாது. இரு தரப்பும் பேசி ஒப்பிட்டு, கடைசியில் 19.5-ஐ ஒட்டிய எண் நிலைத்தது. ஆனால் வித்தியாசம் ஏன் வரும் என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

முதல் காரணம், மரங்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தால் காடு என்பது. மேலிருந்து பார்க்கும்போது மரக்கிளைகள் தரையில் எத்தனை சதவீதத்தை மறைக்கின்றன என்பதுதான் அடர்த்தி. 40-க்கு மேல் என்றால் யாருக்கும் சந்தேகமில்லை. 15 அல்லது 20 என்றால்? அது காடா, பொட்டலா? எண்பது மீட்டர் புள்ளியில் அது மங்கலான ஒரு ரோஸ் நிறம். ஒருவர் அதைக் கோட்டுக்கு உள்ளே விடுவார், இன்னொருவர் வெளியே விடுவார்.

இரண்டாவது காரணம், படம் எடுத்த மாதம். நம் நாட்டுக் காடுகளில் பெரும்பகுதி இலையுதிர் காடு. தேக்குக் காட்டை மார்ச், ஏப்ரலில் படம் எடுத்தால் மொட்டையாக இருக்கும். அதே காடு அக்டோபரில் தகதகவென்று சிவக்கும். அதனால்தான் பின்னாளில் எஃப்.எஸ்.ஐ. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களையே தேடி எடுக்கும் வழக்கத்துக்கு வந்தது. மூன்றாவது, மலைநிழல். நிழலில் இருக்கும் சரிவு கறுப்பாக விழும். அங்கே காடு இருந்தாலும் தெரியாது.

சாட்டிலைட் ஒளியின் அளவை மட்டும்தான் அனுப்புகிறது. அதற்குக் "காடு" என்று பெயர் வைப்பது தரையில் இருக்கும் ஒரு மனிதர். அவர் கையில் இருக்கும் இலக்கணத்தைப் பொறுத்துத்தான் எண். எங்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர்கள் சரியாக இருந்தாலும் அக்கவுண்டிங் பாலிசி மாறினால் லாபம் மாறும்.

இரண்டு மில்லிமீட்டர் சதுரம்

இடையில் நம் சொந்த சாட்டிலைட்டும் வந்துவிட்டது. 1979-ல் பாஸ்கரா-1 ஒரு ஒத்திகை. 1988 மார்ச் 17-ல் பைக்கனூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ போனது. அதில் ஒரு கேமரா 72.5 மீட்டர், இன்னொன்று 36.25 மீட்டர். 1995 டிசம்பரில் போன ஐ.ஆர்.எஸ்.-1சி-யில் பல நிறப் படம் 23.5 மீட்டர், கறுப்பு வெள்ளைப் படம் 5.8 மீட்டர். பொதுப் பயன்பாட்டுக்கான சாட்டிலைட்டுகளில் அன்றைக்கு அதுதான் உலகிலேயே துல்லியமானது. காட்டைக் கணக்கெடுக்க அடுத்தவர் வீட்டுப் படத்தை நம்பி இருக்க வேண்டிய நிலை போயிற்று.

படம் துல்லியமானதும் வரைபடத்தின் அளவும் மாறியது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. வரைபடத்தில் பென்சிலால் தெளிவாகக் காட்டக்கூடிய மிகச் சிறிய பகுதி இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறிக்கையின் வரைபடம் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவு. அதில் இரண்டு மில்லிமீட்டர் என்பது தரையில் இரண்டு கிலோமீட்டர். அந்தச் சதுரம் 400 ஹெக்டேர். அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கருக்குக் குறைவான தோப்போ காடோ அந்த வரைபடத்தில் கிடையாது. ஊர்க் கோயில் காடெல்லாம் கணக்கிலேயே வராது. அதேபோல் பெரிய காட்டுக்கு நடுவே 500 ஏக்கர் வெட்டியிருந்தாலும் தெரியாது.

அடுத்து இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தார்கள். சதுரம் 25 ஹெக்டேர் ஆயிற்று. 2001 அறிக்கையில் நாடு முழுவதையும் கம்ப்யூட்டரிலேயே செய்து, ஐம்பதாயிரத்துக்கு ஒன்றுக்கு வந்தார்கள். சதுரம் ஒரே ஒரு ஹெக்டேர்.

இப்போது எண்களைப் பாருங்கள். 1999 அறிக்கையில் 6,37,293 சதுர கிலோமீட்டர். 2001 அறிக்கையில் 6,75,538. இரண்டு வருடத்தில் 38,245 கூடிவிட்டது! கேரளாவின் மொத்தப் பரப்பே 38,863 சதுர கிலோமீட்டர். இரண்டு வருடத்தில் ஒரு கேரளா அளவுக்கு யார் மரம் நட்டது? யாரும் நடவில்லை. சல்லடையின் கண் சின்னதானது. அதுவரை நழுவிப்போன சின்னச் சின்னத் தோப்புகள் சிக்கின. செயல்முறை மாறியதால் பழைய எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது என்று எஃப்.எஸ்.ஐ.-யே சொன்னது. ஆனால் அறிக்கையின் எச்சரிக்கைக் குறிப்பு பத்திரிகைத் தலைப்பு வரை எப்போதும் வந்து சேர்வதில்லை.

அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடமும் (1987 முதல் 1999 வரை) எண் 19.2-க்கும் 19.5-க்கும் நடுவிலேயே நின்றது. "பார்த்தீர்களா, அழிவு நின்றுவிட்டது" என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். வங்கிக்காரர்களை இப்படி எளிதில் ஏமாற்ற முடியாது. :-) நிகர வாராக்கடன் மாறவில்லை என்றால் புதிதாக எதுவும் வாராமல் போகவில்லை என்று அர்த்தமில்லை. ஒரு பக்கம் நல்ல கடன் கெட்டிருக்கும், இன்னொரு பக்கம் பழசு வசூலாகியிருக்கும். காட்டிலும் அப்படித்தான். ஓரிடத்தில் முந்நூறு வருடச் சோலைக்காடு போய், வேறோரிடத்தில் அதே பரப்புக்கு யூகலிப்டஸ் வந்தால் நிகர எண் அசையாது.

காட்டுக்குள் என்னென்ன இருக்கிறது?

எஃப்.எஸ்.ஐ.யின் இலக்கணம் இது: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், மர அடர்த்தி பத்து சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் "வனப் போர்வை". நிலம் யாருடையது, சட்டப்படி காடா இல்லையா, என்ன மரம் என்று எதுவும் பார்ப்பதில்லை.

அப்படியானால் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு? உண்டு. மாந்தோப்பு? உண்டு. ரப்பர் தோட்டம்? உண்டு. ராமநாதபுரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும் சீமைக் கருவேலம்? அடர்த்தி போதுமென்றால் அதுவும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ரயில் ஜன்னலில் பிள்ளைகளுக்கு நாம் "தோப்பு" என்று காட்டுகிற பலதும் தேசியக் கணக்கில் வனப் போர்வைதான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இலக்கணத்தை வெளிப்படையாகவே அச்சடித்திருக்கிறார்கள். 2003 முதல் மிக அடர்ந்த காடு (70 சதவீதத்துக்கு மேல்), நடுத்தரம் (40 முதல் 70), திறந்தவெளிக் காடு (10 முதல் 40) என்று பிரித்தும் தருகிறார்கள். மொத்தத்தை விட்டுவிட்டு இந்தப் பிரிவுகளைப் பார்க்கிறவருக்கு நிறையவே புரியும்.

2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2024 டிசம்பரில் வெளியானது. அதன்படி வனப் போர்வை 7,15,343 சதுர கிலோமீட்டர், 21.76 சதவீதம். காடு என்று பதிவான நிலம் 7,75,377 சதுர கிலோமீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிகிறதா? உள்ளே போய்ப் பாருங்கள். பதிவான காட்டுக்குள் உள்ள மரப்போர்வை 5,20,365 மட்டுமே. மீதி 1,94,978 வெளியே, பட்டா நிலங்களிலும் தோப்புகளிலும் தோட்டங்களிலும் இருக்கிறது. ஆக, பதிவேட்டுக் காட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் மரப்போர்வை இல்லை. அவ்வளவும் வெட்டப்பட்டது என்றும் சொல்லிவிடக் கூடாது. அதில் பனிமலை, பாலைவனம், இயற்கையான புல்வெளி எல்லாம் அடக்கம். ஆனால் இரண்டு கணக்கின் மொத்தம் பொருந்துகிறது என்பதற்காகப் பதிவுகளும் பொருந்துகின்றன என்று நினைத்தால், ஆடிட்டர் வேலைக்கு நாம் லாயக்கில்லை.

தரிசு என்ற பெயர்

காட்டைவிட வம்பான பெயர் "தரிசு". என்.ஆர்.எஸ்.ஏ.யின் படங்களை வைத்து 1986-லிருந்து மாவட்டவாரியாகத் தரிசு நில வரைபடங்கள் தயாராயின. 2000-ல் வந்த அட்லஸ் சொன்ன மொத்தம் சுமார் 6.38 கோடி ஹெக்டேர். அந்தச் சமயத்தில் வனப் போர்வையும் ஏறக்குறைய இதே அளவுதான்!

அந்த அட்லஸில் தரிசு பதின்மூன்று வகை. உவர் நிலம், ஓடை அரித்த நிலம், பாறை, மணல், புதர் நிலம், நலிந்த மேய்ச்சல் நிலம், நலிந்த காடு. கூடவே பனி மூடிய மலைகளும் பனியாறுகளும்! கங்கைக்கும் யமுனைக்கும் தண்ணீர் தரும் பனியாறு தரிசு நிலக் கணக்கில் வருகிறது. உழ முடியாது, வரி போட முடியாது, ஆகவே "வேஸ்ட்". இது வெள்ளைக்காரர் காலத்து வருவாய்த்துறைச் சிந்தனை. அதை நவீனப் படத்தின் மேல் அப்படியே ஒட்டிவிட்டார்கள்.

பனியாற்றை யாரும் பிளாட் போடப்போவதில்லை, அதனால் அது வேடிக்கையோடு முடிகிறது. ஆனால் மேய்ச்சல் நிலத்துக்கு? ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கு அது வாழ்வாதாரம். கானமயில் மாதிரியான பறவைகளுக்கு வீடு. கோடையில் எடுத்த படத்தில் புல்வெளி வெளிறிப்போய்த் தெரியும், தாவரக் குறியீடு குறைவாக வரும், "தரிசு" என்று பெயர் விழும். பெயர் விழுந்தால், "சும்மா கிடக்கும் நிலம்தானே" என்று அடுத்த திட்டம் வரும். 2000களில் பயோடீசலுக்காகத் தரிசில் எல்லாம் காட்டாமணக்கு நடலாம் என்று கிளம்பியது நினைவிருக்கிறதா? காகிதத்தில் தரிசாக இருந்த நிலத்தில் தரையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது பல இடங்களில் அப்போதுதான் தெரிந்தது.

கோர்ட்டில் ஒரு சொல்

காடு என்ற சொல் உச்ச நீதிமன்றம் வரை போன கதை நம் நீலகிரியில் ஆரம்பிக்கிறது. கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தில் காடு என்றால் அகராதியில் உள்ள பொருளில் காடு. யாருக்குச் சொந்தம் என்பது முக்கியமில்லை. பதிவேட்டில் இல்லாத காட்டுக்கும் அன்று பாதுகாப்புக் கிடைத்தது.

2023-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. காடு என்று அறிவிக்கப்பட்ட நிலம், அல்லது 1980 அக்டோபர் 25-க்குப் பின் அரசுப் பதிவில் காடாக உள்ள நிலம் ஆகியவற்றுக்கே சட்டம் பொருந்தும் என்றது திருத்தம். அதை எதிர்த்த வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இடைக்காலமாக 1996-ன் விளக்கத்தையே பின்பற்றச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். சாட்டிலைட் வந்து ஐம்பது வருடம் ஆன பிறகும், சண்டை பதிவேட்டுக் காடா, பார்வைக்குக் காடா என்ற அதே இடத்தில்தான் நிற்கிறது.

படம் சாட்சி சொன்ன இடங்களும் உண்டு. ராஜஸ்தான் ஆரவல்லியில் சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றிய வழக்கில், மாதிரிக்கு எடுத்த 128 குன்றுகளில் 31 காணாமலே போய்விட்டன என்ற எஃப்.எஸ்.ஐ. கணக்கு 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மலையையே தூக்கிக்கொண்டு போக மக்கள் என்ன அனுமாராகிவிட்டார்களா என்கிற மாதிரி நீதிபதிகள் கேட்டார்கள். எந்தப் பதிவேட்டிலும் மலை குறைந்திருக்காது. வரைபடத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்ததால்தான் குட்டு உடைந்தது.

நமக்கென்ன?

இது இன்று வங்கி வேலைக்குள்ளும் வந்துவிட்டது. பயிர்க் காப்பீட்டில் 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சலை மதிப்பிடும்போது தொலையுணர்வு மாதிரியான தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீதம் எடை தர வேண்டும் என்று விதி வந்தது. ஊரில் நம் பங்காளி வயலில் விளைந்ததா, காய்ந்ததா என்பதில் வானத்துக் கேமராவுக்கும் ஒரு ஓட்டு. கலப்புப் பயிரை அது எப்படிப் படிக்கிறது, அறுவடை நேரத்து மேகத்தை எப்படிச் சமாளிக்கிறது என்பதெல்லாம் இனி விவசாயி கையில் வரும் பணம் சம்பந்தப்பட்ட கேள்விகள்.

இன்னொரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2008-ல் லேண்ட்சாட்டின் பழைய படங்கள் அத்தனையையும் அமெரிக்கா இலவசமாகத் திறந்துவிட்டது. 2009-ல் இஸ்ரோவின் புவன் வந்தது. 2013-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் அந்த இலவசப் படங்களை வைத்து உலகம் முழுக்க மரங்கள் எங்கே போயின, எங்கே வந்தன என்று ஒரு வரைபடம் போட்டார்கள். அவர்களுடைய இலக்கணம் வேறு, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான தாவரம்தான் மரம். அதனால் எண்ணும் வேறு. ஆனால் இதன் அர்த்தம் பெரியது. 1984-ல் ஒரு அரசு அமைப்பை இன்னொரு அரசு அமைப்புதான் சரிபார்க்க முடிந்தது. இன்று ஒரு கல்லூரி மாணவி தன் தாலுகாவின் நாற்பது வருடப் படங்களை வீட்டிலிருந்தே அடுக்கிப் பார்க்கலாம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை "நாட்டில் காடு கூடியது" என்றோ "குறைந்தது" என்றோ செய்தி வரும். அடுத்த முறை படிக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். காடு என்று எதைச் சொன்னார்கள்? எவ்வளவு சின்னச் சதுரம் வரை எண்ணினார்கள்? போன முறையும் இதே அளவுகோலா? கூடியது எந்த வகை, குறைந்தது எந்த வகை? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் அந்த எண்ணைப் பார்த்து மகிழ்வதும் அழுவதும் வீண். வீட்டில் பிள்ளைகள் சமூகவியல் புத்தகத்தோடு வந்து "அப்பா, 33 சதவீதம் ஆக இன்னும் எவ்வளவு வேணும்?" என்று கேட்டால், எண்ணைச் சொல்லும் முன் அந்த முதல் கேள்வியை அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள். தேயிலைத் தோட்டம் காடா, இல்லையா? எங்கள் வீட்டில் இது இரண்டு நாள் ஓடியது. இன்னும் தீர்ப்பு வரவில்லை.